எருக்குழிக்குப் போகாத பேட்டரி

அந்தக் காலத்தில் நாங்கள் எதையுமே வீணாக்க மாட்டோம் என்று யாராவது பெருமை பேச ஆரம்பித்தால் எனக்கு உடம்பு எரியும். வீணாக்க மாட்டோம்தான், இல்லை என்று யார் சொன்னது? மண்ணெண்ணெய் டின் ஓட்டையானால் வெட்டித் தட்டி முறமாக்குவோம். முறம் கிழிந்தால் கோழிக்கூட்டுக்குக் கதவு. டார்ச்சு லைட்டின் பேட்டரிக் கட்டை செத்துப்போனால் உடைத்து, உள்ளே இருக்கும் கரியைச் சாணியோடு கரைத்துத் தரை மெழுகுவோம். தரை கருகருவென்று மின்னும். இதெல்லாம் உண்மை. ஆனால் கடைசியில் எதற்குமே ஆகாமல் போனது எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள், பெருமை பேசுகிறவர்கள் தலையைச் சொறிவார்கள். நான் சொல்கிறேன். எருக்குழிக்குப் போனது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு எருக்குழி உண்டு. சாணி, அடுப்புச் சாம்பல், கூட்டிய குப்பை, உடைந்த சிமினி, திரி எரிந்துபோன ஸ்டவ்வின் தகரம் எல்லாம் அதற்குள் விழும். கோடை மழைக்கு முன்னால் வண்டியில் ஏற்றிக் கேழ்வரகுக் கொல்லைக்கு அடிப்பார்கள். கொல்லையில் கண்ணாடிச் சில்லு காலைக் கிழித்தால், பார்த்து நடக்கத் தெரியாதா என்று கிழிபட்டவளுக்குத்தான் திட்டு விழும். "எருக்குழிக்குப் போனா எல்லாம் எருதான்" என்பார் என் மாமியார். அது பழமொழி என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய சொந்தச் சரக்கு.

நான் தர்மபுரி டவுனில் பிறந்தவள். எழுபதுகளின் தொடக்கத்தில், பென்னாகரம் போகும் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஒரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டேன். வீட்டில் மாமியார், என் கணவர், அவருடைய அண்ணன். அண்ணன் லாரி டிரைவர். அவர் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். அவர் வீட்டில் இருந்திருந்தால் எனக்கு ஒரு துணை கிடைத்திருக்கும், கிடைக்கவில்லை.

என்னோடு அந்த வீட்டுக்கு வந்தது ஒரு சிவப்புக் கிடாரி. அப்பா கொடுத்த சீர். நகையை மாமியார் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். பாத்திரங்கள் பொதுவில் கலந்துவிட்டன. அந்த மாடுதான் 'அவளுது' என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே பொருள். அதுவும் அப்போது தலைச்சினை. கன்று போட்டால் பால் என்னுடையது, கன்று என்னுடையது. அதைக் கட்டியிருந்த கொட்டகையில் நிற்கும்போது மட்டும்தான் எனக்கு அந்த ஊரில் காலூன்றி நிற்பதுபோல இருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். கணவனின் அண்ணனோடு தம்பி மனைவி நேருக்கு நேர் பேசக்கூடாது. அவர் வந்தால் எழுந்து ஒதுங்க வேண்டும். அவரும் என்னிடம் பேச மாட்டார். "சோறு போடச் சொல்லும்மா" என்று தன் அம்மாவிடம் சொல்வார். நான் பக்கத்திலேயே கரண்டியோடு நின்றுகொண்டிருப்பேன். மரியாதை என்றார்கள். மரியாதையோ என்னவோ, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அதனால் மாட்டிடம் சொல்லப் பழகிக்கொண்டேன். அவர் காதில் விழும்படி மாட்டைப் பார்த்துப் பேசுவது. அதில் மரியாதைக் குறைச்சல் இல்லை.

கரண்ட் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் ரேடியோ பாடியது. அண்ணன் தன் லாரியில் இருந்து கழற்றிய ஒரு பழைய பேட்டரியைக் கொண்டுவந்திருந்தார். லாரியைக் கிளப்ப அதற்குத் தெம்பில்லை. ஒரு ரேடியோவைப் பாட வைக்கவும் ஒரு சின்ன பல்பை எரிய வைக்கவும் போதும். சாயங்காலம் ஆனால் பாதி ஊர் எங்கள் வாசலில் உட்காரும். சார்ஜ் இறங்கினால் லாரியிலேயே டவுனுக்குக் கொண்டுபோய் ஏற்றிக்கொண்டு வருவார். பிறகு எங்கள் ஊருக்குக் கம்பம் நட்டுக் கரண்ட் வந்தது. கையோடு வீட்டுக்குள் சிமெண்டுத் தரை போடவும் பேச்சு நடந்தது. பேட்டரி பக்கவாட்டில் உப்பிப்போய், மூடியில் பச்சை பூத்து, ஒரு மூலையில் கிடந்தது. அதற்கு இனி வேலை இல்லை.

ஒரு நாள் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே தன் அம்மாவிடம் சொன்னார். "அந்த பேட்டரிய நாளைக்கு ஒடைச்சிடறேன்மா. ஒகேனக்கல்லு மச்சானுக்கு வலைக்குக் கட்ட ஈயக்குண்டு வேணுமாம். உள்ள இருக்கற ஈயத்தக் காய்ச்சி ஊத்தித் தரேன்னு சொல்லிட்டேன்."

"தாராளமா குடு. அடுப்பு சும்மாதான கெடக்குது" என்றார் மாமியார்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். காரணம் இருந்தது. என் அம்மா வீட்டுக்கு அடுத்த கடை பேட்டரிக் கடை. ஒரு பாய் நடத்தினார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவார், தேய்ந்துபோன பிளேட்டைக் கழற்றிப் புதுசு போடுவார். பழைய பிளேட்டுகள் கடைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். நான் சின்னவளாக இருந்தபோது எதிர்வீட்டுக் கன்று ஒன்று அங்கே போய் அவற்றை நக்கும். உப்புக்கல்லை நக்குவதுபோல ருசித்து நக்கும். யாரும் விரட்டவில்லை. பிறகு ஒரு காலையில் அந்தக் கன்று சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. கண் திறந்தே இருந்தது, ஆனால் பார்வை இல்லை. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் இமை அசையவில்லை. கண்ணேறு என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அது சுவரை முட்டியபடியே செத்துப்போனது. அன்றிலிருந்து பாய் பழைய பிளேட்டுகளை மரப்பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை, அவராகவே செய்தார்.

இதை நான் மாமியாரிடம் சொன்னேன். "டவுன் மாட்டுக்கு அப்படித்தான். கண்டதையும் திங்கும்" என்றார். கணவரிடம் சொன்னேன். "அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமில்ல" என்று திரும்பிப் படுத்தார். கடைசியில் கொட்டகைக்குப் போய் மாட்டிடம் சொன்னேன், வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் காதில் விழும்படி.

"கேட்டியா சேதி? சோறாக்கற அடுப்புல ஈயம் காய்ச்சப் போறாங்களாம். தூளெல்லாம் எருக்குழியில கொட்டப் போவுதாம். நீ போயி நக்குவியாம். நக்கிட்டுக் கண்ணவிஞ்சு செவுத்துல முட்டுவியாம். நல்லாருக்குதா?"

வாசலில் இருந்து பதில் வந்தது, அவர் அம்மாவுக்கு. "என்னம்மா, மாடு இன்னிக்கி ரொம்பப் பேசுது?"

மறுநாள் உடைத்தார். பின்பக்கம் எருக்குழி ஓரமாக உட்கார்ந்து கோடாலியால் மேல் மூடியைப் பிளந்தார். உள்ளே இருந்த தண்ணியை வேலி ஓரம் கவிழ்த்தார். நுரைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கியது. அவர் வேட்டியில் தெறித்த இடமெல்லாம் அப்புறம் சல்லடையானது. அதைக் காட்டிச் சிரித்துக்கொண்டார். பிளேட்டுகளைப் பிடுங்கிக் கோணி மேல் பரப்பினார். அவற்றிலிருந்து சாம்பல் நிறத்தில் தூள் உதிர்ந்து எருக்குழி விளிம்பெல்லாம் படிந்தது. பிளேட்டு காயட்டும், சாயங்காலம் காய்ச்சலாம் என்று வெளியே போய்விட்டார்.

மிச்சமிருந்தது அந்தக் கறுப்புப் பெட்டி. கெட்டியான ரப்பர்ப் பெட்டி. உள்தடுப்புகளை உளியால் தட்டி எடுத்தபின் மாட்டின் மூஞ்சிக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. கொட்டகையில் இருந்த கல்தொட்டி விரிசல் விட்டு ஒழுகிக்கொண்டிருந்த நேரம். மாமியார் சும்மா இருப்பாரா? பெட்டியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். "பித்தள அண்டாவுல களிம்பேறினாக்கூட புளி போட்டா போயிருது. இது என்ன பெரிய சீம வெசம்?" எங்கள் ஊரில் எந்தப் பாத்திரத்துக்கும் புளிதான் கோர்ட்டு. புளி போட்டுத் தேய்த்துவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

நான் கிணற்றடியிலிருந்து குடத்தோடு வருகிறேன். பெட்டி கொட்டகையில் இருக்கிறது. அதில் கழனித்தண்ணியும் தவிடும் கலந்து ஊற்றியிருக்கிறார். என் மாடு கழுத்தை நீட்டி மோந்து பார்க்கிறது. ஒகேனக்கல்லுக்குக் கொடுத்த வாக்கு, எருக்குழி, மரியாதை எல்லாம் அந்த நிமிஷம் எனக்கு மறந்துபோனது. குடத்தைக் கீழே போட்டேன். ஓடிப்போய்ப் பெட்டியைக் காலால் உதைத்தேன். தவிட்டுத் தண்ணி கொட்டகை முழுக்க ஓடியது.

சினை மாட்டின் தண்ணியைத் தட்டிவிடுவது எங்கள் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட பாவம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். "சென மாட்டுத் தண்ணிய காலால ஒதைக்கறாளே! இவ காலடி பட்ட வூடு வெளங்குமா!" அக்கம்பக்கம் கூடியது. என் கணவர் கொல்லையில் இருந்து ஓடிவந்தார். அண்ணனும் வந்து சேர்ந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. வழக்கத்தை விடவில்லை பாருங்கள். மாட்டைப் பார்த்துச் சொன்னார்.

"வாயில்லாத சீவன் குடிக்கறதத் தட்டி உட்டவங்களுக்கு நல்ல சாவு வராது."

அதுவரை நான் பொறுத்துக்கொண்டிருந்தேன். மாட்டிடம் பேசும் உரிமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேனோ என்னவோ, அவரும் அதைச் செய்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"மாமா" என்றேன். நேராக அவர் முகத்தைப் பார்த்தேன். "மாட்டுக்கிட்டச் சொல்லாதீங்க. எங்கிட்டச் சொல்லுங்க. ஒதைச்சது நானுங்க."

மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் விடவில்லை.

"இந்த வூட்டுக் குப்பைய தெனமும் தலையில தூக்கறது யாருங்க? நீங்களா? அவரா? நான்தானுங்க. தூக்கறது நான், கொட்டறது நான். எங்க கொட்டறதுன்னு மட்டும் நீங்க சொல்லுவீங்களா? இந்த பேட்டரிய நான் எருக்குழியில கொட்ட மாட்டேன். அடுப்புல காய்ச்ச உட மாட்டேன். எங்க போவணுமோ அங்க கொண்டு போறேன்."

"நான் மச்சானுக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். அதுதான் அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"வாக்கத் திருப்பி வாங்கிக்கலாமுங்க. மாட்டுக் கண்ணத் திருப்பி வாங்க முடியாதுங்க."

பிளேட்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கி, கோணியால் கட்டி, சும்மாடு வைத்துத் தலையில் தூக்க முயன்றேன். கனம் கழுத்தை உள்ளே அழுத்தியது. தூக்கிவிட ஒருவரும் வரவில்லை. என் கணவர் தன் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து மறுபக்கம் பிடித்துத் தூக்கி வைத்தார். கூட வரவில்லை. அவருடைய வீரம் அவ்வளவுதான், அதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பஸ்ஸில் கண்டக்டர் மறித்தார். "என்னம்மா இது? பேட்டரியெல்லாம் ஏத்தக்கூடாது. ஆசிட்டு ஒழுவும்."

"ஆசிட்ட எங்க வூட்டு வேலியில ஊத்திட்டாங்க. வந்து பாருங்க, கிளுவ வேலி கருகி நிக்குது. இதுல இருக்கறது வெறும் ஈயம். பஸ்ஸுல கோழி வருது, கருவாடு வருது, இது வரக்கூடாதா?"

யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் முனகிக்கொண்டே மேலே ஏற்றச் சொன்னார். தர்மபுரி வரும்வரை அந்தச் சிரிப்பு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒரு பெண்பிள்ளை செத்த பேட்டரிக்கு டிக்கெட் எடுத்து டவுனுக்குக் கூட்டிப் போகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாய்க்கு என்னை அடையாளம் தெரிந்தது. கோணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இத நீயா தூக்கிட்டு வந்த? சோப்பு போட்டுக் கைய கழுவு மொதல்ல" என்று சத்தம் போட்டார். பழைய பிளேட்டெல்லாம் சேலத்துக்குப் போகும், அங்கே உலையில் உருக்கித் திரும்பப் பிளேட்டாக வார்ப்பார்கள் என்றார். பெட்டியையும் எடுத்துக்கொண்டார். நான் கிளம்பும்போது கேட்டார்: "தூளு கொட்டுன மண்ண அள்ளிட்டியா?"

அள்ளவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

"அள்ளிடும்மா. மாடு அதையும் நக்கும்" என்றார்.

"அள்ளி எங்க போடறதுங்க? இங்க கொண்டாரட்டா?"

"மண்ண வாங்கி நான் என்னம்மா பண்ணுவேன்?" என்று கையை விரித்தார்.

ஊருக்குத் திரும்பியதும் மண்வெட்டியை எடுத்தேன். எருக்குழி விளிம்பையும் வேலி ஓரத்தையும் சுரண்டிக் கூடை கூடையாக அள்ளினேன். நல்ல எருவும் அதோடு போனது. மாமியார் ஒவ்வொரு கூடைக்கும் ஒரு சாபம் விட்டார். கூடைகளை வரிசையாக வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் எனக்கு அந்தக் கேள்வி முழுசாக உறைத்தது. இதை எங்கே போடுவது? கொல்லையில் போட்டால் கேழ்வரகோடு நாங்களே தின்போம். ஏரியில் போட்டால் ஊரே குடிக்கும். பாழுங்கிணற்றில் போட்டால் பக்கத்துக் கிணற்றுக்கு ஊறும். மந்தைவெளியில் போட்டால் என் மாடு தப்பிக்கும், ஊரான் ஆடு சாகும். தூரப் போடு, தூரப் போடு என்று சுலபமாகச் சொல்கிறோம். அன்றைக்கு நான் நாலு பக்கமும் பார்த்தேன். தூரம் என்று ஒரு இடம் எங்கள் ஊரில் இல்லை. எல்லா இடத்திலும் யாரோ ஒருத்தர் குடிக்கிறார்கள், எதுவோ ஒன்று மேய்கிறது.

வீட்டுக்குள் சிமெண்டுத் தரை போடத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கொத்தனார் மறுநாள் ஜல்லி கொட்டி இடிக்க வேண்டியது. நான் நேராகக் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். நானும் என் கணவரும் படுக்கும் மூலையில் இன்னும் ஆழமாகக் குழி வெட்டினேன்.

மாமியார் வாசற்படியை மறித்தார். "குப்பைய யாராச்சும் வூட்டுக்குள்ள வெப்பாங்களாடி? மூதேவி குடி வருவா!"

"இது யாரு வூட்டுக் குப்பைங்க அத்த? நம்ம வூட்டுக் குப்பை. நம்ம வூட்டுலயே இருக்கட்டும். ஊரான் தலையில எதுக்குங்க கொட்டணும்? மேல சிமெண்டு போட்டா மழ படாது, மாடு வராது. நான் அது மேல பாய் விரிச்சிப் படுத்துக்கறேன்."

விலகி வழிவிட்டார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். கூடைகளைக் கொட்டினேன், சுண்ணாம்பைத் தூவினேன், மிதித்து இறுக்கினேன். மறுநாள் ஜல்லி போட்டார்கள், சிமெண்டு போட்டார்கள். அதைவிட நல்ல வழி இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் மாடு ஈனும்வரை வீட்டில் ஒரே புழுக்கம். அண்ணன் ஒகேனக்கல்லுக்குப் போய் வாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார். அந்த அவமானத்தில் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிடவில்லை. மாமியார் என்னைக் 'குப்பக்காரி' என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் சாயங்காலம் சாயங்காலம் கொட்டகைக்குப் போய் மாட்டின் கண்ணுக்கு நேரே கையை ஆட்டிப் பார்ப்பேன். இமைக்கும். அப்பாடா என்று இருக்கும். நான் வருவதற்கு முன்னால் அது எத்தனை வாய் குடித்ததோ, எருக்குழியில் எவ்வளவு நக்கியதோ எனக்குத் தெரியாது. எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நடந்தேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவே.

ஒரு காலையில் மாடு கன்று போட்டது. கிடாரிக் கன்று. தாய் நக்க நக்க அது தள்ளாடி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. வெளிச்சம் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. நான் அதன் முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். கண்ணைச் சிமிட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே சாணியில் உட்கார்ந்து அழுதேன்.

எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். மாமியார் கன்றைத் தடவிப் பார்த்தார், தாயைத் தடவிப் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

"பாத்தீங்களா? தாயி நல்லாருக்குது. கன்னு நல்லாருக்குது. கண்ணு பளிச்சுன்னு தெரியுது. ஒண்ணுமே ஆவல! இதுக்கா இவ அந்தக் கூத்தடிச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரியும். நான் சொன்னது உண்மை என்று காட்ட என் கையில் ஒன்றுமே இல்லை. சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு குருட்டுக் கன்று இருந்தால் காட்டியிருக்கலாம். அப்படி ஒரு சாட்சி எனக்கு வேண்டாம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஒண்ணும் ஆவலைங்களா அத்த?" என்றேன். "அதுக்குத்தானுங்க கூத்தடிச்சேன்."